ஆடுகளை அழைத்த சிறுவன்

கோன்ட் என்னும் மலைத்தீவில், தாயை இழந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் ஆடு மேய்க்கிறான். அவனுடைய தாயின் சகோதரி அந்தச் சிற்றூரின் மந்திரக்காரி. குடிசைக் கூரையில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்த ஆடு ஒன்றை அவள் சில சொற்களைக் கூறி இறங்கவைத்ததை அவன் பார்த்துவிடுகிறான். மறுநாள் மேய்ச்சல் நிலத்தில் நின்று, அச்சொற்களின் பொருள் இன்னதென்று அறியாமலேயே, அவற்றை உரக்கக் கூவுகிறான். ஆடுகள் வருகின்றன. ஓசையேதும் எழுப்பாமல், எல்லாம் ஒன்றாக, விரைந்து வந்து அவனை உற்று நோக்குகின்றன. சிறுவன் மகிழ்ந்து சிரிக்கிறான். இன்னொரு முறை கூவுகிறான். ஆடுகள் இன்னும் நெருங்கி வந்து அவனை முட்டி மொய்த்துக்கொள்கின்றன. இப்போது அவனுக்கு அச்சம் பிறக்கிறது. விலக முயல்கிறான், இயலவில்லை. கயிற்றால் சேர்த்துக் கட்டியதுபோல் ஆடுகளும் அவனும் ஒரே திரளாக மலைச்சரிவில் ஓடி ஊருக்குள் வந்து சேர்கிறார்கள். ஊரார் சிரிக்கிறார்கள், ஏசுகிறார்கள். அழுதுகொண்டிருக்கும் சிறுவனை அந்தப் பெண்மணிதான் வந்து விடுவிக்கிறாள்.

ஒரு குழந்தை தன்னிடம் மறைந்திருக்கும் ஆற்றலைக் கண்டறிவதாகச் சிறாருக்கு எழுதப்பட்ட கதைகள் ஆங்கிலத்தில் ஏராளம். அவற்றில் எனக்குத் தெரிந்தவரை, அந்தக் கண்டறிதல் இவ்வளவு அச்சத்தோடு நிகழும் நூல் இது ஒன்றுதான். அழைக்கத் தெரிந்தது, அனுப்பத் தெரியவில்லை. உர்சுலா கே. லெ குவின் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட 'எ விஸர்ட் ஆஃப் எர்த்சீ' என்னும் இந்நாவலின் முழுக்கதையும் அந்த ஆட்டு மந்தைக்குள் சுருங்கிக் கிடக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

மந்திரவாதியைப் பற்றிய ஒரு சிறார் நாவலை இப்பக்கங்களில் ஆராய்வதற்கு என்ன அவசியம் நேர்ந்தது என்று வாசகர் வினவலாம். அதற்கு என் தவறொன்றைக் கூறியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், சிறுவன் ஒருவன் மந்திரப் பள்ளியில் சேரும் வேறொரு புகழ்பெற்ற ஆங்கிலக் கதை, திரைப்படமாகவும் வந்து உலகெங்கும் பேசப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், விடுதி அறையில் ஒரு மாணவரின் தலையணைக்கு அடியிலிருந்து அந்நூலை நான் எடுத்துக்கொண்டேன். ஸிஹ்ரு கற்பிக்கும் நூல் மத்ரஸாவுக்குள் ஏன் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆண்டு முடிவில் நூலைத் திருப்பிக் கொடுத்தேன். அதில் ஒரு பக்கத்தைக்கூட நான் படித்திருக்கவில்லை. அதன்பின் ஓதி முடித்துப் போகும்வரை அந்த மாணவர் பாடத்திலும் என்னிடம் கேள்வி கேட்டதில்லை. அண்மையில் இன்னொரு மாணவர் லெ குவினின் நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "ஹஸரத், இதைப் படிக்கலாமா?" என்று தாமாகவே கேட்டபோது, "தம்பி, கொடுத்துவிட்டுப் போங்கள், நான் படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். இக்கட்டுரை அந்தப் படிப்பின் விளைவு.

முதலில், ஸிஹ்ரு பற்றிய கேள்வி. இதில் நம் முன்னோர் நாம் நினைப்பதைவிட நுட்பமாகச் சிந்தித்திருக்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யாவு உலூமித்தீன்' நூலின் அறிவைப் பற்றிய பகுதியில் பழிக்கத்தக்க அறிவுக்கு ஸிஹ்ரை எடுத்துக்காட்டாகக் கூறுகிறார்கள். ஆனால் அறிவு என்ற அளவில் எதுவும் பழிப்புக்குரியதாகாது என்பதையும், அதை உடையவனுக்கோ பிறருக்கோ அது கேடாக முடிவதாலேயே பழிக்கப்படுகிறது என்பதையும் அங்கேயே தெளிவுபடுத்துகிறார்கள். இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (ரஹ்) தம் தஃப்ஸீரில் இன்னும் ஒருபடி மேலே சென்று, ஸிஹ்ரை அறிவது மட்டும் தீதுமன்று, தடுக்கப்பட்டதுமன்று என வாதிடுகிறார்கள். அதை அறியாவிடில் முஃஜிஸாவிலிருந்து அதைப் பிரித்தறிவது எவ்வாறு என்று கேட்கிறார்கள். ஹாஃபிழ் இப்னு கஸீர் (ரஹ்) இதை ஏற்கவில்லை. தம் தஃப்ஸீரில் ராஸீயின் வாதத்தைப் பகுதி பகுதியாக எடுத்து மறுக்கிறார்கள். நான் இவ்விவாதத்துக்குள் நுழையப் போவதில்லை. இருவரும் பேசுவது உண்மையான ஸிஹ்ரைப் பற்றி. இந்நாவலிலோ ஓதிச் செய்வதற்கு ஒரு வாய்பாடும் இல்லை, ஜின்களை வசப்படுத்தும் வழி இல்லை, தாயத்து இல்லை. இதைப் படித்து முடித்த எவனும் ஓர் ஆட்டைக்கூட அழைக்க முடியாது. எனவே ஃபிக்ஹின் கேள்வியைச் சற்று நகர்த்திவைத்துவிட்டு, ஆற்றலையும் அறிவையும் பற்றி இந்நூல் ஒரு சிறுவனின் உள்ளத்தில் என்ன கருத்தை விதைக்கிறது என்று கேட்பதே முறையாகும். அக்கேள்வியை கஸ்ஸாலி இமாமின் அளவுகோலைக் கொண்டே கேட்கலாம்.

ஆசிரியரைப் பற்றிச் சில சொற்கள். லெ குவின் 1929இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். தந்தை ஆல்ஃபிரட் குரோபர் அமெரிக்கப் பழங்குடிகளை ஆராய்ந்த பெயர்பெற்ற மானிடவியலாளர். தாய் தியடோரா குரோபரும் எழுத்தாளர். பிற சமூகங்களின் நம்பிக்கைகளை நகைப்புக்கிடமின்றிக் கேட்கும் பழக்கம் அவ்வீட்டில் இருந்திருக்க வேண்டும். அதன் சாயல் நாவலெங்கும் தெரிகிறது. சீன ஞானி லாவோட்சேயின் நூலை வாழ்நாள் முழுதும் பயின்றவர்; அதற்குத் தாமே ஓர் ஆங்கில ஆக்கமும் செய்தார். 2018இல் காலமானார். எர்த்சீ என்பது அவர் கற்பனையில் உருவான தீவுக்கூட்டம். அதன் மக்களில் பெரும்பாலோர் செம்பழுப்பு நிறத்தவர். கதைநாயகனின் உயிர்த்தோழன் வெட்ச் கறுப்பு நிறத்தவன். வெண்ணிறத்தவர் எனப்படுவோர் கிழக்கிலிருந்து வந்து கொள்ளையிடும் கார்கிஷ் மக்களே. 1968இல் அமெரிக்காவில் சிறார்க்கென எழுதப்பட்ட ஒரு வீரக்கதையில் இது சிறிய செயலன்று. 2004இல் வெளிவந்த தொலைக்காட்சித் தொடரில் நாயகன் வெள்ளையனாக்கப்பட்டபோது, லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார்.

கதைக்குத் திரும்புவோம். சிறுவனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது கார்கிஷ் படையினர் ஊரைத் தாக்குகின்றனர். கற்ற சிற்றறிவைக் கொண்டு அவன் மூடுபனியைத் திரட்டி ஊரையே மறைத்துவிடுகிறான். ஊர் தப்புகிறது, அவனோ அளவுக்கு மீறி ஆற்றலைச் செலவிட்டதால் பேச்சற்று, உணவற்று, நினைவின்றிக் கிடக்கிறான். செய்தி கேட்டு மலையேறி வந்து அவனைக் குணப்படுத்துபவர் ஓகியன். பதின்மூன்றாம் வயதில் அவனுக்கு 'கெட்' என்னும் மெய்ப்பெயரைச் சூட்டி, தம் மாணவனாக அழைத்துச் செல்பவரும் அவரே.

ஓகியன் வரும் அத்தியாயத்தைக் கற்பிக்கும் தொழிலில் இருப்போர் அனைவரும் படிக்க வேண்டும். கெட் எதிர்பார்ப்பது மந்திரங்களை. ஓகியனோ நடக்கிறார், பேசாமல் நடக்கிறார். மழை பெய்கிறது. மந்திரம் அறிந்த எவரும் மழையைச் சற்று அப்பால் விரட்டிவிடுவார். ஓகியன் மரத்தடி ஒன்றைத் தேடிப் படுத்துக்கொள்கிறார், மழை பெய்தபடியே இருக்கிறது. நனைந்து விழித்திருக்கும் சிறுவனுக்கு எரிச்சல்: பயன்படுத்தாத ஆற்றலால் என்ன பயன்? வழியோரம் ஒரு செடியைக் காட்டி, இது என்ன என்கிறார் ஓகியன். சிறுவன் அதன் பயனைக் கேட்கிறான். தமக்குத் தெரிந்த பயன் ஏதுமில்லை என்கிறார் ஆசிரியர். வேரும் இலையும் பூவும் எல்லாப் பருவத்திலும் எப்படியிருக்கும் என்று பார்த்தும் நுகர்ந்தும் அறிந்தபின்னரே அதன் மெய்ப்பெயரைக் கற்கலாம் என்பது அவர் முறை. அங்கிருந்து அவர் எதிர்க்கேள்விக்குப் போகிறார்: உன்னால் என்ன பயன், என்னால் என்ன பயன், இந்த மலையால், கடலால்?

இவ்விடத்தில் நபி மூஸா (அலை) அவர்களும் ஹிழ்ர் (அலை) அவர்களும் சேர்ந்து நடந்த பயணம் நம் நினைவுக்கு வருவது இயல்பு. அல்கஹ்ஃபு அத்தியாயம் கூறும் அந்நிகழ்ச்சியிலும் ஆசிரியரின் நிபந்தனை பொறுமைதான். தாமாக விளக்கும்வரை கேட்கலாகாது என்பதுதான். ஆயினும் ஒப்புமையை நீட்டக்கூடாது. அங்கே மாணவர் ஓர் இறைத்தூதர். கேட்டது அநீதியெனத் தோன்றியதைப் பற்றி. பிரிவை அறிவித்தவர் ஆசிரியர். இங்கே மாணவன் புகழுக்கு ஏங்கும் சிறுவன். பிரிவைத் தேர்ந்தெடுப்பவனும் அவனே. ஊர்த்தலைவரின் மகள் ஒருத்தி, இறந்தோரை அழைக்க முடியுமா என்று சீண்ட, அவளுக்கு மெய்ப்பிக்கும் ஆசையில் ஆசிரியரின் நூலை இரவில் திறந்து, தடுக்கப்பட்ட ஒரு பகுதியைப் படிக்கிறான். கதவருகே இருளினும் கரிய ஏதோ ஒன்று குனிந்திருக்கிறது. ஓகியன் வந்து ஒளியால் அதை விரட்டுகிறார். அடிக்கவில்லை, ஏசவில்லை. இங்கேயே இருக்கலாம், அல்லது ரோக் தீவின் பள்ளிக்குச் செல்லலாம் என்று முடிவை அவனிடமே விட்டுவிடுகிறார். அவன் ஓகியனை நேசிப்பதை அந்த நொடியில்தான் உணர்கிறான்; இருந்தும் ரோக்கையே தேர்ந்தெடுக்கிறான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்களை வழியனுப்பி வருகிறவன் என்ற முறையில் கூறுகிறேன், இப்பகுதியில் பொய்யான ஒரு சொல்லும் இல்லை.

ரோக் பள்ளியில்தான் அரபு மொழி கற்பிப்பவனை இந்நாவல் இறுகப் பற்றிக்கொள்கிறது. தீவின் வடமுனையில் தனித்து நிற்கும் கோபுரம் ஒன்றில் பெயர்களின் ஆசிரியர் வாழ்கிறார். அங்கே மந்திரம் என்று எதுவும் நிகழ்வதில்லை. மாணவர்கள் பெயர்ப்பட்டியல்களை மனனம் செய்கிறார்கள். ஒரு சிறு கடலின் ஒவ்வொரு முனைக்கும், விரிகுடாவுக்கும், பாறைக்கும் ஒரு பெயர். எழுதிவைத்த மை நள்ளிரவில் மறைந்துவிடும். அதற்குள் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஸர்ஃபு வாய்பாடுகளை விளக்கொளியில் உருப்போட்ட எவருக்கும் அக்கோபுரத்தின் குளிரும் சலிப்பும் அந்நியமாகத் தோன்றா.

இப்பெயர்கள் எத்தகையவை? எர்த்சீயில் இரு மொழிகள் உண்டு. ஒன்று மக்கள் அன்றாடம் பேசும் மொழி. மற்றொன்று ஆதிமொழி, தீவுகள் கடலிலிருந்து உயர்த்தப்பட்டபோது எந்தச் சொற்களால் உயர்த்தப்பட்டனவோ அந்தச் சொற்கள். அன்றாட மொழியில் கல்லுக்கு வழங்கும் சொல் வெறும் குறியீடு. ஆதிமொழியில் அதன் பெயர் அந்தக் கல்லின் உண்மை. மந்திரம் என்பது அம்மெய்ப்பெயரை அறிவதே. இதைப் படித்தபோது நம் உஸூலுல் ஃபிக்ஹு நூல்களும் மொழியியல் நூல்களும் தொடங்கும் பழைய கேள்வி கண்முன் வந்து நின்றது: மொழி இறைவனால் கற்பிக்கப்பட்டதா (தவ்கீஃப்), மனிதர் கூடி இசைந்து ஏற்படுத்தியதா (இஸ்திலாஹ்)? ஆதம் (அலை) அவர்களுக்குப் பெயர்கள் அனைத்தையும் அல்லாஹ் கற்பித்ததாகக் கூறும் அல்பகரா 31ஆம் வசனமே முதல் தரப்பாரின் முதன்மைச் சான்று. இப்னு ஃபாரிஸ் தம் 'அஸ்ஸாஹிபி'யில் இதை உறுதியாக நிலைநாட்டுகிறார். முஃதஸிலாக்களில் அபூஹாஷிம் இரண்டாம் தரப்பு. இப்னு ஜின்னீ 'அல்கஸாயிஸ்' நூலில் இதற்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கி, பெயர்களைப் படைத்துக்கொள்ளும் திறனை ஆதமுக்கு அளித்ததையே அவ்வசனம் குறிக்கலாம் என விளக்கம் கூறிப்பார்க்கிறார். காற்றின் ஒலியையும் இடியின் முழக்கத்தையும் நீரின் சலசலப்பையும் போலச் செய்ததிலிருந்து சொற்கள் பிறந்தன என்னும் கருத்தையும் ஆதரவோடு குறிப்பிடுகிறார். முடிவில், அரபு மொழியின் நுட்பத்தை எண்ணி வியந்து, இரண்டுக்குமிடையே தடுமாறி நின்றுவிடுகிறார். அந்தத் தடுமாற்றம் எனக்கு என்றும் பிடித்தமானது. சுயூதி (ரஹ்) 'அல்முஸ்ஹிர்' நூலில் இவை அனைத்தையும் திரட்டித் தந்திருக்கிறார்கள். லெ குவின் இவற்றையெல்லாம் படித்திருப்பார் என்று நான் கருதவில்லை. ஆயினும் அவருடைய தீவுகளில் தவ்கீஃபும் இஸ்திலாஹும் இரு தனி மொழிகளாகப் பிரிந்து, அருகருகே வழங்குகின்றன.

இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. அதில் நமக்கும் அவருக்கும் உடன்பாடு இல்லை. பெயரும் பெயர் சூட்டப்பட்ட பொருளும் ஒன்றா என்பது இல்முல் கலாமின் புகழ்பெற்ற சர்ச்சை. கஸ்ஸாலி இமாம் 'அல்மக்ஸதுல் அஸ்னா'வின் தொடக்கத்திலேயே பெயர், பெயரிடுதல், பெயரிடப்பட்டது ஆகிய மூன்றும் வேறு வேறு என்று பிரித்துக் காட்டிவிடுகிறார்கள். பாடத்தில் மாணவர்களுக்கு எளிமையாக, 'நெருப்பு' என்று சொன்னால் நாக்கு சுடுமா என்று கேட்பதுண்டு. எர்த்சீயின் ஆதிமொழியில் நாக்கு சுடும்! அங்கே பெயரும் பொருளும் ஒன்றே. ஆகையால்தான் அங்கு எவரும் தம் மெய்ப்பெயரை வெளியிடுவதில்லை. உயிரையே ஒப்படைக்கும் நம்பிக்கை இருந்தாலன்றி ஒருவர் மற்றவரிடம் அதைக் கூறுவதில்லை. தவ்ஹீதின் அடிப்படையில் நோக்கினால், படைப்பின் உண்மையைச் சொல் ஒன்றின் மூலம் மனிதன் தன் கைக்குள் கொண்டுவர இயலும் என்பது ஏற்கத்தக்கதன்று. ஆனால் நாவலைக் கவனமாகப் படித்தால், ஆசிரியரே இதற்கு ஓர் எல்லை வகுத்திருப்பது புலப்படும். கடலை ஆள விரும்புபவன் கடல் என்ற ஒரே சொல்லை அறிந்தால் போதாது, அதன் ஒவ்வொரு துளியின் பெயரையும் அறிய வேண்டும் என்கிறார் கோபுரத்து ஆசிரியர். ஆதலால் எந்த மந்திரவாதியும் தனக்கு அண்மையில் இருப்பதையே, தான் முழுமையாக அறிந்ததையே தொட முடியும். அப்படி இல்லாதிருந்தால் வலியோரின் தீமை உலகத்தை எப்போதோ குலைத்திருக்கும் என்பது அவர் விளக்கம். பெயர்ப்பட்டியல்களை ஆண்டுக்கணக்கில் மனனம் செய்யும் மாணவன் இறுதியில் கற்றுக்கொள்வது தன் அறியாமையின் பரப்பைத்தான். அல்பகராவின் அடுத்த வசனத்தில், நீ கற்பித்ததன்றி எங்களுக்கு அறிவில்லை என்னும் கருத்தில் வானவர்கள் விடையிறுப்பதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

மாயத் தோற்றத்துக்கும் மெய்யான மாற்றத்துக்கும் ரோக்கில் செய்யப்படும் வேறுபாடும் கருதத்தக்கது. கூழாங்கல்லை வைரமாகத் தோன்றச் செய்வது எளிது. முதலாண்டு மாணவர்களின் விளையாட்டு அது. மூஸா (அலை) அவர்களின் முன் சூனியக்காரர்கள் எறிந்த கயிறுகள் ஊர்வனபோல் தோற்றமளித்ததைத் தாஹா அத்தியாயம் கூறுவதை வைத்து, ஸிஹ்ரு முழுதும் இத்தகைய தோற்றமே என முஃதஸிலாக்கள் வாதிட்டனர். அஹ்லுஸ் ஸுன்னத்தினர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ரோக்கின் ஆசிரியரும் இரண்டையும் பிரிக்கிறார். கல்லை உண்மையாகவே வைரமாக்குவதும் இயலும். ஆனால் அச்செயலின் தொடர்பாக எந்த நன்மையும் தீமையும் விளையும் என்பது தெரியும்வரை ஒரு மணற்பொடியைக்கூட மாற்றலாகாது என எச்சரிக்கிறார். கெட் கேட்டுக்கொள்கிறான். தோற்ற வித்தை தன் தகுதிக்குக் கீழானது என்பதே அவன் மனத்தில் பதிகிறது. நல்ல உபதேசம் ஆணவம் மிக்க மாணவனின் செவியில் எவ்வாறு திரிந்துவிடுகிறது என்பதை லெ குவின் இரண்டு வரிகளில் காட்டிவிட்டு மேலே போகிறார்.

வீழ்ச்சியும் அப்படித்தான் வருகிறது. ஜாஸ்பர் என்னும் உயர்குடி மாணவனின் ஏளனம், ஓர் இரவு, ஒரு பந்தயம். பல நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்த அழகி எல்ஃபாரனின் ஆவியை கெட் அழைக்கிறான். நொடிப்பொழுது அவள் தோன்றுகிறாள். உலகின் துணி கிழிந்ததுபோல் ஒரு பிளவு ஏற்பட, அதன் வழியே கரிய நிழலொன்று பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அப்பிளவை மூடுவதற்காகத் தம் முழு ஆற்றலையும் செலவிட்டு, பள்ளியின் தலைவரான முதியவர் நெம்மர்லி விடியுமுன் இறந்துபோகிறார். சிறார் கதைகளில் நாயகன் செய்யும் தவறுக்கு ஆசிரியர் ஒருவர் உயிரைக் கொடுப்பதும், அந்த மரணம் கடைசிப் பக்கம்வரை திரும்பப் பெறப்படாமல் இருப்பதும் அரிது. 1997இல் ரோலிங் எழுதத் தொடங்கிய ஹாரி பாட்டர் கதைகளை இப்போது நானும் படித்திருக்கிறேன். அவற்றிலும் மரணமும் தியாகமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஆற்றல் ஒரு மரபுரிமையாக, கடிதத்தில் வந்து சேர்கிறது; தான் ஏற்கெனவே புகழ்பெற்றவன் என்பதை அச்சிறுவன் அறிந்துகொள்கிறான்; தீமை பெரும்பாலும் வெளியே, இன்னொருவனிடம் இருக்கிறது. கெட்டின் பகைவனை அவிழ்த்துவிட்டவன் கெட்டேதான்.

இந்த நிழல் எது? நஃப்ஸுல் அம்மாரா என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குச் செல்ல முஸ்லிம் வாசகனின் கை துடிக்கும். என் கையும் துடித்தது. ஒற்றுமைகள் இல்லாமலில்லை. ஆணவத்திலிருந்து பிறக்கிறது, அஞ்சி ஓடும்போது வலுப்பெறுகிறது, எவன் உருவத்தில் வேண்டுமானாலும் வந்து வழிகெடுக்கிறது. ஆஸ்கில் என்னும் வடதிசைத் தீவில், அந்நிழலின் பெயரைச் சொல்வதாகத் தெரனான் என்னும் பழங்கல் ஒன்று அவனுக்கு ஆசை காட்டப்படுகிறது. ஏற்றால் கல்லுக்கு அடிமை, அவன் மறுக்கிறான். அதற்கு முன்பே பெண்டார் தீவில் கிழட்டு டிராகன் ஒன்று அதே பேரத்தை முன்வைத்தது. அந்த டிராகனின் பெயரைப் பழைய வரலாறுகளைப் படித்ததிலிருந்து ஊகித்து, அதைக் கட்டுப்படுத்தியிருந்தான் கெட். ஒரே ஒரு வரம் பெறலாம் என்ற நிலை. நிழலின் பெயரைக் கேட்டால் தான் தப்பலாம்; டிராகன்கள் இனிப் பறந்து வராமல் சத்தியம் வாங்கினால் தன்னை நம்பி அமர்த்திய ஏழைத் தீவினர் தப்புவர். சத்தியத்தையே வாங்குகிறான். அமானிதம் பற்றி இளைஞர்களிடம் பேச வேண்டியவர்கள் இந்த அத்தியாயத்தை மறக்கலாகாது.

எனினும் இறுதிக் காட்சி நம் ஒப்புமையை ஏற்க மறுக்கிறது. ஓகியனின் அறிவுரைப்படி ஓடுவதை நிறுத்தித் திரும்பி, வேட்டையாடியதையே வேட்டையாடத் தொடங்கும் கெட், வெட்சுடன் சிறு படகில் கிழக்கே எந்தத் தீவும் அற்ற கடலுக்குச் செல்கிறான். அங்கே நீர் மணலாக உறைந்துகிடக்க, நிழலை நேர்கொண்டு, அதன் பெயரைக் கூறுகிறான். நிழலும் அதே நொடியில் அதே பெயரைக் கூறுகிறது: கெட். இருவரும் தழுவி ஒன்றாகின்றனர். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. தன் மரணத்தின் நிழலுக்குத் தன் பெயரைச் சூட்டி அவன் முழுமை பெற்றான் என்பதே ஆசிரியரின் முடிவு. தஸவ்வுஃபு வழியில் நஃப்ஸு தழுவப்படுவதில்லை. பயிற்றப்படுகிறது, தூய்மையாக்கப்படுகிறது, அம்மாராவிலிருந்து லவ்வாமாவுக்கும் முத்மயின்னாவுக்கும் உயர்கிறது. அப்பாதைக்கு ஒரு திசை உண்டு. அத்திசையில் சந்திக்கப்பட இருக்கும் ஒருவன் உண்டு. லெ குவினின் கடலில் கெட் சந்திப்பது தன்னை மட்டுமே. ஒளியும் இருளும் ஒன்றையொன்று சமன்செய்யும் லாவோட்சேயின் சிந்தனை இங்கே தெளிவாகத் தெரிகிறது. நிழலை நஃப்ஸாக்கி இந்நூலை நம்முடையதாக்கிக்கொள்வது நூலுக்கும் நியாயமன்று, நமக்கும் நியாயமன்று. எனினும் தன் குற்றத்துக்குப் பிறர் பெயரைச் சூட்டிக்கொண்டு ஓடும்வரை விடிவில்லை என்ற அளவில் பதினான்கு வயது வாசகன் இதிலிருந்து பெறுவது பொய்யான பாடம் அன்று. அதற்குமேல் கூற வேண்டியதை அவனுக்குக் கற்பிப்பவர்கள் கூறட்டும்.

குறைகளையும் கூறிவிடுகிறேன். மரணத்துக்குப் பின் இந்நாவல் காட்டுவது தாழ்ந்த கற்சுவர் ஒன்றையும், அதற்கு அப்பால் மாறாத விண்மீன்களின் கீழ் வறண்ட, ஓசையற்ற ஒரு நிலத்தையும். அங்கே விசாரணை இல்லை, கருணையும் இல்லை. நோயுற்ற சிறுமகன் ஒருவனைக் காப்பாற்ற முயன்று, அச்சுவருக்கு அப்பால் அவன் இறங்கி ஓடிவிடுவதைக் கெட் பார்த்து நிற்கும் பக்கங்களைப் படித்தபோது, குழந்தையை இழந்த ஒரு தாயின் கையில் இந்நூல் கிடைக்க வேண்டாமே என்று நினைத்தேன். மறுமையை நம்பும் எவருக்கும் அந்நிலம் தாங்கொணாதது. லெ குவினுக்கே பின்னர் அது தாங்கொணாததாயிற்று போலும். 2001இல் வெளிவந்த 'தி அதர் விண்ட்' நாவலில் அந்தச் சுவரைத் தம் கதைமாந்தரைக் கொண்டே இடித்தார். அடுத்தது பெண்கள். ரோக் பள்ளியில் சிறுவர்களுக்கே இடம். பெண்களின் மந்திரம் என்றாலே அற்பமும் கேடும் என்னும் கருத்துள்ள பழமொழிகள் வழங்குகின்றன. ஆட்டு மந்தையிலிருந்து சிறுவனை விடுவித்து, முதல் எழுத்துக் கற்பித்த அந்தப் பெண்மணிக்கு நாவல் ஒரு பெயரைக்கூடத் தரவில்லை. பெயரே உயிரான ஓர் உலகில் இது பெருங்குறை. இதையும் ஆசிரியர் தாமே உணர்ந்து, 1990இல் 'தெஹானு' நாவலில், ஆற்றலை எல்லாம் இழந்து திரும்பிய கெட்டையும், தீயில் கருகிய ஒரு சிறுமியையும், அவளை வளர்க்கும் விதவையையும் வைத்து அதே கோன்ட் தீவை வேறு கண்ணால் பார்த்தார். தம் நூலுக்குத் தாமே இருபதாண்டு கழித்து மறுப்புரை எழுதும் நேர்மை எல்லா ஆசிரியர்க்கும் வாய்ப்பதில்லை. இப்னு ஜின்னீயின் தடுமாற்றத்தை இங்கேயும் கண்டேன்.

நூலை மாணவரிடம் திருப்பிக் கொடுத்தபோது, படிக்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட எண்ணியிருந்தேன். அவர் நின்றுகொண்டே கேட்டார்: "கெட் எங்கே தவறிழைத்தான், ஹஸரத்? ரோக்கிலா, அதற்கு முன்பா?" ஓகியனின் வீட்டில், இரவில் நூலைத் திறந்தபோது என்றேன். மாணவர் சற்று யோசித்துவிட்டு, ஆடுகளிடம்தான் என்றார். வரவழைத்தபின் எப்படிப் போகச்சொல்வது என்பதை அவன் அன்றே கேட்டிருக்க வேண்டுமாம். ஏழு வயதுச் சிறுவன் பருவமடையாதவன், அவன்மீது பொறுப்பு எழுதப்படுவதில்லை என்று ஃபிக்ஹு விதியை நினைவூட்டினேன். அவருக்கு அது ஒப்பவில்லை. இரண்டாம் பாகமான 'தி டூம்ஸ் ஆஃப் அடுவான்' இப்போது அவர் கையில் இருக்கிறது. முடித்துவிட்டுத் தருவதாகக் கூறியிருக்கிறார்.